வீட்டுக்குள் குடியிருந்துகொண்டே வீட்டை இடிக்கிறோம்: இன்று 19ஆம் நாள்

வைகைக்கரை (மதுரை)

வணக்கம். இந்த இணைய மன்றத்தில் இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இன்று எழுத வைத்திருப்பது ரசம். அதில் மிதந்ததைக் கடுகு என்று நினைத்துக் கடித்தேன். மணல்.

எங்கள் வீடு 1988இல் மாமனார் கட்டியது. தரைத்தளம் மட்டும். கூடம், இரண்டு படுக்கையறை, சமையலறை, குளியலறையும் கழிவறையும் ஒவ்வொன்று, பின்னால் சிறிய கொல்லை. தை கடைசியில் வேலையைத் தொடங்கினோம். சமையலறை முழுவதும், குளியலறை, கழிவறை, கூடத்துத் தரை. மேஸ்திரி சொன்ன கணக்கு 45 நாள். இன்று 19. இதுவரை முடிந்திருப்பது சமையலறை இடிப்பும் பாதிக் கூடத்தின் தரை உடைப்பும்தான்.

வீட்டில் ஐந்து பேர். நான், கணவர், 74 வயது அத்தை, பத்தாம் வகுப்பில் மகள், மூன்றாம் வகுப்பில் மகன். சமையல் முன்பக்கத்துப் படுக்கையறையின் சன்னலோரம், இண்டக்ஷன் அடுப்பில். அரிசி களைவதும் பாத்திரம் துலக்குவதும் கொல்லைக் குழாயடியில். ஒவ்வொரு சாமானும் ஏதோ ஓர் அட்டைப்பெட்டியில் இருக்கிறது. எந்தப் பெட்டி என்பதுதான் தெரியாது. அத்தையின் பித்தளைக் காப்பி ஃபில்டர் இருக்கிறது, உள்ளே பொடியை அழுத்தும் குடையைக் காணோம். கரண்டிக் காம்பால் அழுத்திக் காப்பி போடுகிறேன். தினமும் காலையில் முதல் வாய் குடித்துவிட்டு, "குடை கிடைக்கவில்லையோ?" என்று மட்டும் கேட்கிறார். திட்டினால்கூடத் தேவலை.

இதையெல்லாம் சமாளித்துவிடுவேன். கவலை வேறு. அடுத்த திங்கட்கிழமை கழிவறையை உடைக்கப்போகிறாராம் மேஸ்திரி. "மூன்றே நாள் அம்மா, பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார். அத்தைக்கு முழங்கால் வலி. இரவில் மூன்று முறை எழுவார். நடுராத்திரியில் பக்கத்து வீட்டுக் கதவை எப்படித் தட்டுவது?

வேலை நடக்கும்போது வீட்டிலேயே இருந்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? "வாடகைக்குப் போய்விடுங்கள்" என்று தயவுசெய்து எழுத வேண்டாம். இரண்டு மாதத்துக்கு யாரும் வீடு தருவதில்லை, தந்தாலும் முன்பணம் கொடுக்க எங்களிடம் இல்லை.

மாடிவீடு (நங்கநல்லூர்)

வேண்டாம் என்று சொன்ன பிறகும் அதைத்தான் எழுதப்போகிறேன், மன்னியுங்கள். போய்விடுங்கள். வாடகை வீடு இல்லையென்றால் அண்ணன் வீடு, அக்கா வீடு, எங்காவது.

நாங்கள் போகாமல் இருந்தோம். அடுக்ககத்தில் இரண்டாம் மாடி. 40 நாள் என்றார்கள், 110 நாள் ஆயிற்று. தூசி பழகிவிட்டது, சத்தமும் பழகிவிட்டது. ஆனால் நானும் மனைவியும் அந்த 110 நாளில் பேசிய பேச்சு "குழாய் வந்ததா", "பணம் கொடுத்தாயா" என்ற இரண்டுதான். நடுவில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கியதில் அவர்களோடும் பேச்சு நின்றுவிட்டது. குறைந்தபட்சம் அம்மாவையும் பரீட்சை எழுதும் பெண்ணையுமாவது வெளியே அனுப்புங்கள்.

ரசமட்டம் (திருச்சி)

கட்டடத் துறையில் 31 ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். அம்மா, முதலில் உங்கள் மேஸ்திரியின் "மூன்று நாளை" கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பழைய டைல் ஓடுகளையும் தரையையும் உடைத்து அள்ள ஒரு நாள், சில வேளை இரண்டு. குழாய் பதிக்க ஒரு நாள். பூச்சு ஒரு நாள். பூச்சு இறுகத் தண்ணீர் விட வேண்டும். சிமெண்டு "காய்கிறது" என்று எல்லாரும் சொல்கிறோம், உண்மையில் அது தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது, காயவிட்டால் பொரிந்துபோகும். பிறகு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இரண்டு கை. அதன்பின் வடிகால் வாயை அடைத்துத் தரையில் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டு, மட்டம் இறங்குகிறதா, சுவரடியில் ஈரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். (நங்கநல்லூர் நண்பருக்கு இதைத்தான் செய்யாமல் விட்டிருப்பார்கள்.) பிறகு ஓடு, இடுக்கு அடைப்பு, பீங்கான் பொருத்துதல். எப்படிச் சுருக்கினாலும் 10 நாளுக்குக் குறையாது. மூன்று நாளில் முடித்தால் அந்த வேலையை மூன்று வருடத்தில் மறுபடி செய்வீர்கள்.

ஆகவே வேறு கழிவறை தயாராகும் வரை இருப்பதை உடைக்க விடாதீர்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. 1988இல் கட்டிய வீடு, கொல்லை இருக்கிறது என்கிறீர்கள். கொல்லைக் கோடியில் பழைய கழிவறை ஒன்று இருக்குமே?

இன்னொன்று. இண்டக்ஷன் அடுப்பை எதில் சொருகியிருக்கிறீர்கள்? 2000 வாட் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் நீட்டிப்புப் பெட்டியில் சொருகியிருந்தால் அது உருகும். ஏசிக்குப் போட்ட 16 ஆம்பியர் பிளக் இருந்தால் அதில் நேராகச் சொருகுங்கள். கல் அறுக்கும் இயந்திரத்துக்கு வயரின் முனையைச் சீவி, தீக்குச்சி வைத்துத் துளையில் அடைத்திருப்பார்கள். அதையும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

பூனைக்கால்

தீக்குச்சி! ஐயா எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தார்?

வைகைக்கரை (மதுரை)

ஐயா, இருக்கிறது. கொல்லைக் கோடியில், கிணற்றை மூடிய இடத்துக்குப் பக்கத்தில். பதினைந்து வருடமாக அது எங்கள் சாமான் கிடங்கு: தேங்காய் மட்டை, மகனின் மூன்றுசக்கர சைக்கிள், மாமனாரின் பழைய சாய்வு நாற்காலி. கதவு கீழ்ப்பாதி மக்கிவிட்டது. பீங்கான் உடையவில்லை என்று கணவர் எட்டிப் பார்த்துச் சொல்கிறார். தரையில் உட்காரும் வகை. அத்தையால் உட்கார முடியாது.

வயரையும் போய்ப் பார்த்தேன். தீக்குச்சிதான். இரண்டு.

கரணைக்காரன் (திருப்பூர்)

22 வருடமாக ஓடு பதிக்கிறேன். இந்த இழையில் எல்லாரும் வீட்டுக்காரர்கள் என்று தெரிகிறது. எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

அக்கா, உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை பேர்? நான்கு பேர் என்று வைப்போம். அதில் சித்தாளாகப் பெண்கள் இரண்டு பேராவது இருப்பார்கள். காலை எட்டரைக்கு வந்து மாலை ஐந்தரைக்குப் போகிறார்கள். இந்த 19 நாளில் அவர்கள் எங்கே ஒதுங்கினார்கள் என்று கேட்டீர்களா? குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. நான் வேலை செய்த வீடுகளில் பாதிக்கு மேல் யாரும் கேட்டதில்லை. ஆண்கள் எங்காவது போய்விடுவோம். பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். என் மனைவி பத்து வருடம் சித்தாள் வேலைக்கு வந்தவள். நீர்க்கடுப்பு வந்து மருத்துவமனையில் இருந்திருக்கிறாள்.

அந்தக் கொல்லைக் கழிவறையைச் சரி செய்வது ஒரு கொத்தனாருக்கும் ஒரு ஆளுக்கும் ஒன்றரை நாள் வேலை. தண்ணீர் இழுப்பு சரியாக இருக்கிறதா என்று இரண்டு வாளி ஊற்றிப் பாருங்கள். கதவுக்குத் தகரம் அடித்தால் போதும். அம்மாவுக்குத் தரைப் பீங்கானின் மேல் வைக்கிற நாற்காலி இருக்கிறது, நடுவில் ஓட்டை போட்டது, மருத்துவப் பொருள் கடையில் கிடைக்கும். சுவரில் ஒரு இரும்புக் கைப்பிடியைப் பதிக்கச் சொல்லுங்கள். புதிய கழிவறையிலும் சொல்லுங்கள், ஓடு பதிக்கும் முன்பே சொல்லுங்கள். பதித்த பிறகு துளை போட்டால் ஓடு விரிந்தது என்று எங்களைத்தான் திட்டுவீர்கள்.

தேதி தள்ளிப்போவதற்கு வருகிறேன். எங்கள் மேல் தப்பு உண்டு. ஒரே நேரத்தில் மூன்று வீட்டை ஒப்புக்கொள்கிற மேஸ்திரிகள் உண்டு, நானும் செய்திருக்கிறேன். ஆனால் காலையில் "சிங்க் இந்தப் பக்கம்" என்று ஐயா சொல்வார், மாலையில் அம்மா வந்து "ஏன் இந்தப் பக்கம்?" என்பார். உடைத்து மறுபடி வைப்போம். அந்த ஒரு நாள் யார் கணக்கு? வீட்டில் யாராவது ஒருவர் மட்டும் பேசுங்கள். சுவரில் கரிக்கட்டியால் எழுதி வையுங்கள்: பிளக் எங்கே, குழாய் எங்கே, மேடை எத்தனை அங்குலம். என்னிடம் அளவு கேட்காமல் சுவரைக் காட்டின வீடுகளில் வேலை தள்ளிப்போனதே இல்லை.

மாடிவீடு (நங்கநல்லூர்)

கழிவறை விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் 110 நாளில் 38 நாள் ஒருவரும் வரவில்லை. நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். சிங்க் எந்தப் பக்கம் என்று நாங்கள் ஒருமுறைகூட மாற்றவில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு தொலைபேசியை எடுக்காதவரை என்ன செய்வது?

கரணைக்காரன் (திருப்பூர்)

முன்பணத்தைக் குறைப்பதுதான் வழி. நானே சொல்கிறேன். சனிக்கிழமைக் கூலியை நிறுத்தாதீர்கள்; கீழே இருக்கிறவர்களுக்கு அடுப்பு எரிய வேண்டும். ஆனால் மேஸ்திரியின் பணத்தை வேலை வேலையாகப் பிரித்துக் கொடுங்கள். குழாய் முடிந்தால் இவ்வளவு, பூச்சு முடிந்தால் இவ்வளவு. கடைசியில் கொடுக்க ஒரு பங்கைக் கையில் வையுங்கள். பெரிய வேலை முடிந்ததும் எங்கள் ஆட்கள் அடுத்த வீட்டுக்கு ஓடுவது உண்மை. கைப்பிடி, குமிழ், இடுக்கு அடைப்பு என்று மிச்சம் நிற்கிற சில்லறை வேலைக்கு யாரும் வர மாட்டார்கள். பாக்கிப் பணம் இருந்தால் வருவோம்.

வைகைக்கரை (மதுரை)

தம்பி, நேற்று உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. கேட்கவில்லை. 19 நாளில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இரண்டு வேளை தேநீர் கொடுத்துக்கொண்டு நான் நல்ல வீட்டுக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை சித்தாள் அக்காவிடம் கேட்டேன். இரண்டு தெரு தள்ளி அவருக்குத் தெரிந்தவர் வீடு இருக்கிறதாம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் வருகிறாராம். ஒரே ஒரு முறை. அதைச் சொல்லும்போது அவர் வெட்கப்பட்டார். வெட்கப்பட வேண்டியது நான்.

கொல்லைக் கழிவறையை முதலில் சரி செய்யச் சொல்லிவிட்டேன். அத்தைக்குப் பிடிக்கவில்லை. "அவர்களுக்கும் நமக்கும் ஒரே இடமா?" என்றார். எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு புதிதல்ல, வழக்கமாக நான் காதில் வாங்காத மாதிரி நகர்ந்துவிடுவேன். இந்த முறை மகள் முந்திக்கொண்டாள். "பாட்டி, நீங்கள் காலையில் குடித்த காப்பிக்கு கேனில் தண்ணீர் பிடித்து வைத்தது அந்த அக்காதான்." அதற்குமேல் பேச்சில்லை. சம்மதமா என்று தெரியாது. சாய்வு நாற்காலியை வெளியே எடுக்கும்போது துணியால் துடைத்துத் தன் கட்டிலருகே போடச் சொன்னார்.

வெள்ளைச்சீருடை (நாகர்கோவில்)

செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். தூசி பழகிவிட்டது என்று யாரோ எழுதியிருந்தார்கள். மூக்குக்குப் பழகும், நுரையீரலுக்குப் பழகாது. ஓடும் கிரானைட்டும் அறுக்கும்போது கிளம்பும் தூளில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற புழுதி கீழே விழுந்துவிடும். தெரியாததுதான் உள்ளே போய்த் தங்கும். அறுப்பதைக் கொல்லையில் வைத்து, தண்ணீர் விட்டபடி அறுக்கச் சொல்லுங்கள். முகத்தில் துண்டு கட்டுவது போதாது. என்95 முகக்கவசம் வாங்கி அறுக்கிற தம்பிக்கும் கொடுங்கள், நாள் முழுக்க அதிலேயே நிற்பவர் அவர்தான்.

குடியிருக்கும் அறையின் வாசலில் பழைய போர்வையை நனைத்துத் தொங்கவிடுங்கள். மாலையில் அவர்கள் போனதும் வெறும் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், படிந்ததையெல்லாம் மறுபடி கிளப்பிவிடுவீர்கள். தண்ணீர் தெளித்து அள்ளி, ஈரத்துணியால் துடையுங்கள். உடைக்கிற நேரத்தில் ஏசியையும் மின்விசிறியையும் போட வேண்டாம்.

பழைய பெயிண்டைச் சுரண்டப்போகிறார்களா? 1988 வீட்டுக் கதவு சன்னல்களின் எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். இந்தியாவில் பெயிண்டில் ஈயத்துக்குக் கட்டாய வரம்பு வந்ததே 2017 நவம்பரில்தான். வறண்ட உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, நனைத்துத் தேய்க்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பையன் அந்த நாளில் அங்கே நிற்கவே கூடாது. ஈயம் பெரியவர்களைவிடக் குழந்தைகளைத்தான் அதிகம் கெடுக்கும்.

கடைசி வாரத்தில் பதித்த ஓடுகளை ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். அதே தரையில் யாராவது பிளீச்சிங் பவுடரையும் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறைக்குள் அது உயிருக்கே ஆபத்து. "நன்றாக வெளுக்கட்டும்" என்று இரண்டையும் சேர்த்து ஊற்றிவிட்டு மூச்சுத் திணறி வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ரசமட்டம் (திருச்சி)

ஆசிட் இடுக்கிலிருக்கும் சிமெண்டையும் சேர்த்துத் தின்னும். சிமெண்டுக் கறையை அன்றன்றே ஈரச்சாக்கால் துடைத்திருந்தால் ஆசிடே தேவையில்லை.

உடைத்த இடிபாட்டை டிராக்டர்காரர் எங்கே கொட்டுகிறார் என்றும் கேளுங்கள். ஏதாவது கண்மாய்க் கரையில் சாய்த்துவிட்டு வருவார். மத்திய அரசின் விதிகளின்படி அதை உரிய இடத்தில் சேர்ப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு.

செங்காவி (காரைக்குடி)

எல்லாரும் எதை எப்படி உடைப்பது என்றே பேசுகிறீர்கள். கூடத்தில் உடைத்தது என்ன தரை என்று யாராவது கேட்டீர்களா? 1988, மதுரை. சிவப்புக் காவித் தரையாக இருந்தால் என் வயிறு எரியும்.

வைகைக்கரை (மதுரை)

எரியட்டும். காவித் தரைதான். வாசல் பக்கம் விரிசல் விட்டு இரண்டு இடத்தில் பெயர்ந்திருந்தது. ஓட்டுக்கடையில் ஒரு பெட்டியைக் கையில் கொடுத்ததும் மயங்கிவிட்டோம்.

செங்காவி (காரைக்குடி)

விரிசலை ஒட்டுப்போடலாம். நிறம் கொஞ்சம் வேறாகத் தெரியும், அவ்வளவுதான். முப்பது வருடம் கால் தேய்த்த மெருகை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. சித்திரை வெயிலில் அதில் வெறும் முதுகோடு படுத்தவர்களுக்குத் தெரியும். இனிமேல் அந்தத் தரையைப் போடத் தெரிந்த கை கிடைப்பதும் கடினம். போனது போகட்டும். படுக்கையறைகளில் இருப்பதையாவது விட்டு வையுங்கள் அக்கா. இன்னொரு இலாபமும் உண்டு. தொடாத அறை ஒன்று இருந்தால்தான் நீங்கள் ஐந்து பேரும் இந்த இரண்டு மாதத்தைக் கடப்பீர்கள். ஒரே ஒரு அறையில் வேலைக்காரர்களின் செருப்பு, சிமெண்டு மூட்டை, பெட்டி எதுவும் நுழையக் கூடாது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு அறையை விடாமல் நாலா பக்கமும் ஒரே நேரத்தில் உடைத்தோம். ஒரு மாதம் கழித்து அப்பா முன்வாசல் திண்ணையிலிருந்து உள்ளே வரவே மறுத்துவிட்டார்.

வைகைக்கரை (மதுரை)

பின்பக்கப் படுக்கையறைக்கும் ஓடு என்று பேசியிருந்தோம். இன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேஸ்திரிக்கு முகம் சுருங்கியது. அத்தைக்கு மலர்ந்தது.

தோ பாயோ வாசி (சிங்கப்பூர்)

இங்கே நிலைமை கொஞ்சம் வேறு. நாங்கள் இருப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பழைய அடுக்குமாடி வீடு. வீட்டு மேம்பாட்டுத் திட்டத்தில் புளோக் முழுவதற்கும் கழிவறைகளை மாற்றினார்கள். 2007இலிருந்து நடக்கும் திட்டம் அது. வீட்டுக்குள் வேலை பத்து நாள் அளவில்தான், ரசமட்டம் ஐயாவின் கணக்குக்குச் சரியாக வருகிறது. அந்த நாட்களுக்கு வயதானவர்களுக்கு என்று தற்காலிகக் கழிவறை ஏற்பாடு இருந்தது. என் அம்மா அதை ஒருமுறை பார்த்துவிட்டு, பேருந்து ஏறித் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

இங்கே ஒரு வசதி நேரம். உடைப்பது, ஓடு அறுப்பது மாதிரி பெருஞ்சத்த வேலைகளைச் சனி, ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் செய்யக் கூடாது. மற்ற நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரை. ஆக, காது கொஞ்சம் ஓய்வு எடுக்கும் நாள் எது என்று முன்பே தெரியும். உங்கள் மேஸ்திரியிடமும் அப்படி ஒரு நேரத்தைப் பேசிப் பாருங்கள். மகளின் படிப்புக்காக மாலை நாலரைக்குமேல் சுத்தியல் வேண்டாம் என்றால் கேட்க மாட்டாரா?

பூனைக்கால்

கேட்பார். அதற்குப் பதிலாகக் காலை ஆறரைக்கு வருவார்.

வைகைக்கரை (மதுரை)

இன்று 33ஆம் நாள். நடந்ததைச் சொல்கிறேன்.

கொல்லைக் கழிவறை முடிந்தது. ஒன்றரை நாள் என்று கரணைக்காரன் தம்பி சொன்னார், இரண்டு நாள் ஆனது. தகரக் கதவு, குமிழ் விளக்கு, நாற்காலி, கைப்பிடி. படுக்கையறை வாசலிலிருந்து அதுவரை ஒரு கயிறு கட்டி, இரவில் அத்தை பிடித்துக்கொண்டு போக வழி செய்தோம். முதல் இரண்டு நாள் நானும் எழுந்தேன். மூன்றாம் நாள் "நீ தூங்கு" என்றார். அதன் பிறகே உள்ளே உடைக்கவிட்டோம்.

உடைத்த மறுநாள் ஒருவரும் வரவில்லை. மாசி மகா சிவராத்திரி. இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் அன்று குலதெய்வம் கோயில்தான். மேஸ்திரிக்கு உசிலம்பட்டி பக்கம், கொத்தனாருக்குக் கமுதி பக்கம். நாங்களும்தான் போனோம், பிறகு என்னவென்று கோபித்துக்கொள்வது? போனவர்கள் நான்கு நாள் கழித்து மொட்டைத் தலையும் சந்தனமுமாக வந்தார்கள். கொல்லைக் கழிவறை இல்லாமல் அந்த நான்கு நாள் எப்படிப் போயிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஒரு கெட்ட செய்தி. சம்ப் தொட்டியில் சிமெண்டுப் பாண்டை அப்படியே முக்கி எடுத்திருக்கிறார்கள். தண்ணீர் வெளுத்துவிட்டது, முழுவதும் இறைத்துக் கழுவ வேண்டியதாயிற்று. இதைப் படிக்கிறவர்கள் முதல் நாளே ஒரு பிளாஸ்டிக் பீப்பாயை அவர்களுக்கென்று வைத்துவிடுங்கள், தொட்டி மூடிக்குப் பூட்டுப் போடுங்கள்.

மகளைப் புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் தினமும் கணவர் விட்டுவிட்டு அலுவலகம் போகிறார், பள்ளியில் படிப்பு விடுமுறை விட்டதிலிருந்து. ஏசி, அமைதி, சுத்தமான கழிவறை. "அம்மா, வீடு முடிந்தாலும் நான் இங்கேயே வருகிறேன்" என்கிறாள். மகன் நேர் எதிர். மணல் குவியலை விட்டு நகர்வதில்லை. மட்டக்கோல், தூக்குக்குண்டு, மணியாசுக்கட்டை என்று எனக்குத் தெரியாத பெயரெல்லாம் சொல்கிறான்.

ரசமட்டம் (திருச்சி)

கூடத்துக்கு ஓடு போடும்போது பாதிப் பாதியாகப் போடச் சொல்லுங்கள். பதித்த ஓட்டில் ஒரு நாள் முழுக்க யாரும் கால் வைக்கக் கூடாது. நடக்க வழி வேண்டுமே. ஆனால் வரிசை நேராக வர நூல் பிடித்துக் கோடு அடிப்பது கூடம் முழுவதற்கும் முதலிலேயே. ஓட்டுப் பெட்டிகளில் தொகுப்பு எண் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் இரண்டாம் பாதி வேறு நிறமாக வரும். குளியலறையில் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, சரியா என்று பார்க்க ஒரு சொம்புத் தண்ணீர் போதும். மூலையில் ஊற்றிவிட்டு நில்லுங்கள். தேங்கினால் காசு கொடுக்காதீர்கள்.

மகனுக்கு என் வாழ்த்து.

நெல்லிமரம் (சேலம்)

எங்கள் வீட்டில் அடுத்த மாதம் தொடக்கம். பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இதை மட்டும் முதலிலேயே செய்திருக்கலாம் என்று ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

வைகைக்கரை (மதுரை)

இன்று 64ஆம் நாள். மகளுக்குப் பரீட்சை முடிந்தது. சமையலறையில் அடுப்பு ஏறிவிட்டது. குளியலறையில் சொம்புச் சோதனை செய்தேன். சன்னல் பக்க மூலையில் தேங்கியது. கொத்தனார் முணுமுணுத்துக்கொண்டே நான்கு ஓட்டைப் பெயர்த்து வாட்டத்தைச் சரி செய்தார். அலமாரிக் கதவு இரண்டும், கூடத்து விளிம்பு ஓடும் பாக்கி. கையில் பணம் பாக்கி வைத்திருக்கிறேன், ஆகவே வருவார்கள். இண்டக்ஷன் புண்ணியத்தில் இரண்டு மாத மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது. அதை வீட்டு வேலைக் கணக்கில் எழுதுவதா, சாப்பாட்டுக் கணக்கில் எழுதுவதா என்று கணவர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கொல்லைக் கழிவறையை மறுபடி கிடங்காக்க வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டார். "யாராவது வேலைக்கு வருவார்கள், வேண்டும்" என்றார். நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை.

சேலம் சகோதரிக்கு: பெட்டியின் மேலே "சமையல் சாமான்" என்று எழுதாதீர்கள். எங்களிடம் அப்படி பதினொரு பெட்டி இருந்தது. உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எழுதுங்கள், மேலே எழுதாமல் பக்கவாட்டில் எழுதுங்கள், பெட்டிமேல் பெட்டி ஏறிவிடும். ரேஷன் அட்டை, மாத்திரை, எரிவாயுப் புத்தகம், பள்ளிச் சீருடை, சாவிக்கொத்து எல்லாம் ஒரே பையில், அந்தத் தொடாத அறையில் இருக்கட்டும். சமைக்க இரண்டு பாத்திரம், ஒரு குக்கர், ஆளுக்கு ஒரு தட்டு வெளியே போதும். அதற்குமேல் வைத்தால் துலக்கியே சாவீர்கள். முதல் வாரம் ஊறுகாயும் தயிரும்தான் எங்களைக் காப்பாற்றின.

காப்பி ஃபில்டரின் குடை கிடைத்துவிட்டது. நேற்று அரிசி டின்னின் அடியைத் தட்டும்போது டங்கென்று விழுந்தது. வேலை தொடங்கிய அன்று, தொலைந்துவிடக் கூடாதே என்று அத்தைதான் அதை அரிசிக்குள் புதைத்து வைத்திருக்கிறார். மறந்துவிட்டாராம். காலையில் அதைப் போட்டே காப்பி இறக்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, கரண்டிக் காம்பால் அழுத்தினதே நன்றாக இருந்தது என்றார்.

பூனைக்கால்

45 நாள் என்ற மேஸ்திரிக்கு இன்னும் இரண்டு அலமாரிக் கதவு பாக்கி. இழையை மூடிவிடாதீர்கள்.